ஆதரவற்ற இயங்குதளம்

என் அக்காவின் கணவருக்கு ஆஸ்பத்திரியில் வைத்த பெயர் 'கலைச்சொல்'. அங்கே பில் கவுண்டரில் வேலை. ஒருநாள் பிரிண்டர் மக்கர் பண்ணியபோது போனை எடுத்து, "பொறி இயங்கவில்லை, உடனே வாருங்கள்" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாராம். யாருக்கோ மூச்சுப் பொறி நின்றுவிட்டது என்று பயந்து இரண்டு நர்சுகள் தலைதெறிக்க ஓடிவந்தார்களாம். வேறொருவராக இருந்தால் வெட்கப்பட்டிருப்பார். இவர் அந்தப் பெயரை ஒரு பட்டமாக எடுத்துக்கொண்டார்.

எனக்கு அவர் அத்தான். அப்படிக் கூப்பிட்டுக் கூப்பிட்டு வாய் பழகிவிட்டதே தவிர, அந்த வார்த்தையில் இருக்க வேண்டிய மரியாதை எப்போதோ கழன்று விழுந்துவிட்டது. ஆள் கெட்டவர் இல்லை. குடிப்பதில்லை, கை நீட்டுவதில்லை, யாரையும் அதட்டிப் பேசுவதில்லை. வீட்டில் ஒரு துரும்பைக்கூட நகர்த்துவதும் இல்லை. அவருக்கு இருந்தது ஒரே ஒரு வியாதி, அதற்கு அவர் வைத்திருந்த பெயர் கொள்கை.

உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதி இலவசமாகக் கொடுக்கும் ஒரு கம்ப்யூட்டர் சிஸ்டம் இருக்கிறது. அதைத் தமிழாக்கும் குழுவில் அத்தான் பழைய ஆள். கடைகளில் விற்கிற எல்லாக் கம்ப்யூட்டரிலும் இருக்கும் மற்ற சிஸ்டத்தை அவர் 'அடிமைத்தளம்' என்பார். அந்த அடிமைத்தளத்தின் முன்னால்தான் ஆஸ்பத்திரியில் காலை முதல் மாலை வரை உட்கார்ந்து பில் போடுகிறார், அங்கே மூச்சு விடுவதில்லை. சம்பளத்தோடு வரும் அடிமைத்தனம் கசக்காது போலிருக்கிறது. வீட்டுக்கு வந்து சட்டையைக் கழற்றியதும்தான் விடுதலை வீரர்.

எனக்கு அந்த இலவச சிஸ்டத்தின்மேல் ஒரு பகையும் கிடையாது. தமிழ்மேல் கிடையவே கிடையாது. அந்தக் குழுவில் உருப்படியாக வேலை செய்கிறவர்களும் இருக்கிறார்கள். அத்தான் அங்கே என்ன செய்தார் என்று கேட்டால், சண்டை போட்டார். கேமரா, பிரிண்டர் போன்ற சாதனங்களுக்குள்ளேயே உறைந்து கிடக்கும் மென்பொருளை ஃபர்ம்வேர் என்கிறார்கள் அல்லவா, அதற்கு 'நிலைப்பொருள்' என்று ஒரு சொல் இருக்கிறது. வேறு ஊரில் இருக்கும் ஒரு கணக்கு வாத்தியார், இது வினைத்தொகை, ஆகவே ஒற்று மிகாது, 'நிலைபொருள்' என்றுதான் எழுத வேண்டும் என்று குழுவில் சொல்லிவிட்டார். போதாதா! ஒரு 'ப்' எழுத்துக்காக அத்தான் வருஷக்கணக்கில் அந்த மனிதரோடு மல்லுக்கு நின்றார். என் அக்கா, தன் மகளின் கல்லூரிச் சேர்க்கைக்கு அலைந்துகொண்டிருந்த மாதத்திலும் இவர் தொகைநிலைத் தொடரைப் பற்றி ஆறு பக்கம் எழுதிக்கொண்டிருந்தார்.

அந்த மகள் இப்போது தூரத்து ஊரில் வேலையில் இருக்கிறாள். அம்மாவை வீடியோவில் கூப்பிடுவாள். அந்த ஆப் இவர் கொள்கைக்கு ஆகாதாம். அதனால் அக்காவுக்கு எதிரே, போனுக்குப் பின்னால், படத்தில் விழாத இடத்தில் நின்றுகொண்டு, "ஒழுங்கா சாப்பிடுறாளான்னு கேளு" என்று எடுத்துக்கொடுப்பார். பெற்ற மகள் முகத்தைப் பார்க்க ஒரு மனிதனுக்குக் கொள்கை குறுக்கே வருமானால், அந்தக் கொள்கையைத் தூக்கிக் குப்பையில் போட வேண்டாமா?

கேமரா கதைக்கு வருகிறேன். நல்ல கேமரா, அத்தான் தேடித் தேடி வாங்கியது. அதில் அவர் எடுத்த படமெல்லாம் எதிர்வீட்டுச் செங்கல் சுவர்தான். மூலைகள் கூர்மையாக விழுகின்றனவா என்று பார்க்க வேண்டுமாம். வெயிலில் சுவர், மழையில் சுவர், சாயங்காலச் சுவர். எதிர்வீட்டுக்காரர் ஒருதடவை, "சார், விலைக்கு ஏதும் பாக்குறீங்களா?" என்று கேட்டேவிட்டார்.

படம் எடுக்கத் தெரிந்தவள் அக்கா. ஒரு ஸ்டுடியோவில் படங்களைத் திருத்தும் டச்சிங் வேலையில் சேர்ந்து, பிறகு அங்கேயே படமும் எடுத்தாள். பாஸ்போர்ட் படத்தில்கூட மனிதர்களை மனிதர்களாகக் காட்டுவாள். முதலாளி கட்டடத்தை விற்றுவிட்டுப் போனதும் வேலை போயிற்று. அதற்கப்புறம் வீட்டில் உட்கார்ந்து அத்தானின் சுவர்ப் படங்களைப் பார்த்து "நல்லாருக்குங்க" என்று சொல்வதே அவள் தொழிலாகிப் போனது. அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும்.

அப்போதுதான் அந்த மியூசியம் விளம்பரம் வந்தது. பழைய துணிகளை இழை இழையாகப் படம் எடுத்து வைக்க ஓர் ஆள் வேண்டும். அக்கா விண்ணப்பித்தாள், கூப்பிட்டார்கள், பேசினார்கள். கடைசியில் மிஞ்சியது மூன்று பேர். மூவருக்கும் ஒரே மாதிரி க்ளோஸ்-அப் லென்ஸ் ஒன்றும், நைந்த பழைய துணித் துண்டு ஒன்றும் கொடுத்தனுப்பினார்கள். உங்கள் கேமராவில் இந்த லென்ஸைப் போட்டு, ஜன்னல் வெளிச்சத்தில் மட்டும் இந்தத் துணியைப் படம் எடுங்கள், திங்கட்கிழமை காலையில் கொண்டு வாருங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அக்கா அந்த லென்ஸைக் கைக்குழந்தையைத் தூக்குவதுபோல் வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள்.

சனிக்கிழமை சாயங்காலம் மாட்டினால், கேமரா லென்ஸைக் கண்டுகொள்ளவே இல்லை. புது லென்ஸ், கேமராவின் ஃபர்ம்வேர் பழசு. வளையத்தைக் கையால் திருகினாலும் ஃபோகஸ் நகரவில்லை, அதுவும் கேமராவின் தயவில்தான் நடக்குமாம். ஃபர்ம்வேரைப் புதுப்பித்தால் எல்லாம் சரியாகிவிடும். கேமரா கம்பெனி அதற்கு ஒரு புரோகிராம் கொடுத்திருந்தது. அது ஓடுவது அத்தானுக்கு ஆகாத சிஸ்டங்களில் மட்டும்.

ஞாயிறு காலையில் அக்கா எனக்குப் போன் பண்ணினாள். "லேப்டாப்பை எடுத்துட்டு வாடி. அவரு கிட்ட சொல்லிக்கலாம்." நான் டயர் கடையில் கணக்குப் பார்க்கிறவள். கடை லேப்டாப் என்னிடம்தான் இருக்கும். அதில் எல்லோரும் வைத்திருக்கும் சிஸ்டம்தான் இருக்கிறது, ஐந்து நிமிஷ வேலை. பையைத் தோளில் மாட்டிக்கொண்டு போனேன்.

அத்தான் கதவைத் திறந்தார். என் முகத்தைப் பார்க்கவில்லை, பையைப் பார்த்தார்.

"அதை எதுக்கு கொண்டு வந்த?"

"அக்காவோட கேமராவுக்குத்தான் அத்தான். செருகுனா முடிஞ்சது."

"என் கேமராவை அந்தக் குப்பையில செருகவா? நான் இருக்கும்போதா?" என்றார். "நானே பண்ணிடுவேன். மதியத்துக்குள்ள முடிச்சுக் காட்டறேன், பாரு."

அக்கா என்னைப் பார்த்துக் கண்ணால் கெஞ்சினாள். சண்டை வேண்டாம் என்று அர்த்தம். நான் பையைச் செருப்புகளுக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு உள்ளே போனேன். மேஜையை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, வெள்ளைத் தாளின்மேல் துணித் துண்டை விரித்து, ட்ரைபாடைக்கூட நிறுத்தி வைத்திருந்தாள் அக்கா. கேமரா மட்டும்தான் வர வேண்டும்.

அத்தான் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தார். இவருடைய சிஸ்டத்தில் புரோகிராம் ஓடாது என்று அங்கே ஆங்கிலத்தில் போட்டிருந்தது. அதை அவர் எங்களுக்காகச் சத்தமாகத் தமிழில் வாசித்தார்.

"'ஆதரவற்ற இயங்குதளம்'னு போட்டிருக்கான். எவ்வளவு திமிர் பாத்தியா!"

"அப்போ வாசல்ல 'ஆதரவற்றோர் இல்லம்'னு ஒரு போர்டு மாட்டிடலாமா அத்தான்?" என்று கேட்டேன். அக்கா சிரித்துவிட்டு, சட்டென்று இருமுவதுபோல் வாயைப் பொத்திக்கொண்டாள். அத்தான் சிரிக்கவில்லை. அவருக்கு வேடிக்கை என்றால் அதற்கும் ஒரு கலைச்சொல் தேவைப்படும்.

ஒன்று சொல்ல வேண்டும், பிடிக்காவிட்டாலும் சொல்கிறேன். அடுத்து அவர் செய்தது சரியான வேலைதான். அந்தப் புரோகிராம் வெறும் உறை, உள்ளே இருக்கிற ஒரே ஒரு ஃபைல்தான் சமாச்சாரம் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. பார்சலைப் பிரிப்பதுபோல் அதைப் பிரித்து உள்ளே இருந்ததை வெளியே எடுத்தார். அந்த ஃபைலை கேமராவின் மெமரி கார்டில் போட்டு, கார்டைக் கேமராவில் செருகி, மெனுவில் 'புதுப்பி' என்று அழுத்த வேண்டும், அவ்வளவுதான். எந்த சிஸ்டமாக இருந்தாலும் நடக்கும். நான்கூட ஒரு நிமிஷம் அசந்துபோய், இந்த மனிதரை இத்தனை நாள் தப்பாக நினைத்துவிட்டோமோ என்று யோசித்தேன்.

கேமரா, ஃபைலே இல்லை என்றது.

கார்டை எடுத்துத் துடைத்துப் போட்டார். இல்லை என்றது. கார்டை அழித்து மறுபடி போட்டார். இல்லை. வேறு கார்டு. இல்லை. மதியம் வந்தது, போனது. சாப்பாட்டுத் தட்டு அவருக்குப் பக்கத்தில் ஆறிக் கிடந்தது. ஜன்னல் வெளிச்சம் துணியைத் தாண்டி மேஜையின் மறு ஓரத்துக்கு நகர்ந்திருந்தது. அக்கா மேஜையை மெல்ல இழுத்து வெளிச்சத்துக்குப் பின்னாலேயே கொண்டுபோனாள். கொஞ்ச நேரம் கழித்து மறுபடி இழுத்தாள். மேஜைக் கால் தரையில் தேய்கிற சத்தம்தான் கேட்டது.

அத்தான் இதற்குள் கேமராவை விட்டுவிட்டுக் குழுவுக்கு எழுத ஆரம்பித்திருந்தார். பெரிய நிறுவனங்கள் நம்மைத் திட்டமிட்டு ஒதுக்குகின்றன, கேமராவுக்குள் ஏதோ பூட்டு வைத்திருக்கிறார்கள், என் ஆய்வின்படி என்றெல்லாம். முகத்தில் கவலையே இல்லை. குஷியாக இருந்தார். கேமரா வேலை செய்திருந்தால் இவ்வளவு சந்தோஷம் அவருக்குக் கிடைத்திருக்காது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கார்டில் என்னதான் இருக்கிறது என்று அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தேன். ஒரே ஒரு ஃபைல். அதன் பெயர் 'நிலைப்பொருள்'.

எனக்கு அப்போது நிஜமாகவே ஒன்றும் தோன்றவில்லை. அவர் கம்ப்யூட்டரில் எல்லாவற்றுக்கும் தமிழ்ப் பெயர்தான், எதை இறக்கினாலும் முதல் காரியமாகப் பெயரை மாற்றிவிடுவார். வயிற்றெரிச்சலில் வாய்க்கு வந்ததைச் சொன்னேன். "ஒருவேளை கேமரா அந்தக் கணக்கு வாத்தியார் கட்சியோ என்னமோ. ஒற்று மிகாம வச்சுப் பாருங்க அத்தான்."

அவர் திரும்பி என்னை முறைத்தார். பிறகு கொஞ்ச நேரம் திரையையே பார்த்தார். பிறகு, சத்தியமாகச் சொல்கிறேன், அந்த 'ப்'பை எடுத்துவிட்டு 'நிலைபொருள்' என்று மாற்றி, கார்டைக் கேமராவில் செருகி அழுத்தினார். இல்லை என்றது.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "அந்த ஆளு சொன்னது தப்பு."

நான் ஜன்னலோரம் போய் என் போனில் கம்பெனியின் பக்கத்தைத் திறந்தேன். செய்முறை அங்கேயே இருந்தது, கால் பக்கம்கூட இல்லை. அதில் ஒரு வரி மட்டும் தடித்த எழுத்தில். ஃபைலின் பெயரை எக்காரணம் கொண்டும் மாற்றாதீர்கள், மாற்றினால் கேமராவால் அடையாளம் காண முடியாது. காலையிலிருந்து இந்த மனிதர் அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். திட்டுவதற்காகத் திறந்தாரே ஒழிய, படிப்பதற்காகத் திறக்கவில்லை.

உரக்க வாசித்தேன். அக்கா மேஜை இழுப்பதை நிறுத்தினாள்.

"பழைய பேரை வச்சுடுங்க அத்தான்," என்றேன். "ஏதோ எழுத்தும் நம்பருமா இருந்திருக்கும். அதை வச்சா போதும்."

அத்தான் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "எதுக்கு வைக்கணும்?"

"என்ன, எதுக்கா?"

"தமிழ்ல பேரு வச்சா படிக்கத் தெரியலன்னா அது யாரோட குறை? அவனோடது. அவன் திருத்தட்டும். நாம எதுக்கு மாத்தணும்? இன்னைக்கு இதை விட்டுக்கொடுத்தா நாளைக்கு எல்லாத்தையும் விட்டுக்கொடுக்கணும். இப்பவே எழுதறேன். பதில் வரட்டும்."

"நாளைக்குக் காலையில நான் படம் குடுக்கணுங்க," என்றாள் அக்கா. அன்று அவரிடம் அவள் பேசிய முதல் வாக்கியம் அதுதான் என்று நினைக்கிறேன்.

"இது ஒருத்தரோட வேலை விஷயம் இல்ல," என்றார் அத்தான். எவ்வளவு நிதானமாகச் சொன்னார் தெரியுமா, குழுவில் புதிதாகச் சேர்ந்தவனுக்கு விதிமுறை சொல்வதுபோல. "இந்த வேலை போனா இன்னொண்ணு வரும். கொள்கை போனா வராது."

அக்கா அவர் பக்கத்தில் வந்து நின்றாள். "கொஞ்சம் எழுந்திரிங்க," என்றாள்.

குரலை உயர்த்தவில்லை. ஆனால் அந்த வீட்டில் அந்த நாற்காலியிலிருந்து அவரை யாரும் எழுப்பியதில்லை. என்ன செய்வதென்று தெரியாமல் அவர் எழுந்துவிட்டார். அக்கா உட்கார்ந்தாள். அவர் கம்ப்யூட்டரின் மெனு முழுக்க அவர் கண்டுபிடித்த சொற்கள், எதை அழுத்தினால் எது வரும் என்று வீட்டுக்காரிக்கே தெரியாது. ஒவ்வொன்றாக அழுத்திப் பார்த்துக் கண்டுபிடித்தாள். பழைய பெயரைப் போனில் பார்த்து நான் எழுத்து எழுத்தாகச் சொல்ல, அவள் ஒற்றை விரலால் தட்டினாள்.

கார்டைச் செருகியதும் கேமரா ஃபைலைக் கண்டுபிடித்தது. உடனே இன்னொன்றும் சொன்னது: பேட்டரி போதாது, முழுதாகச் சார்ஜ் செய்த பிறகு வா. காலையிலிருந்து கேமராவை அணைத்து அணைத்துப் போட்டே இவர் பேட்டரியைத் தீர்த்திருந்தார். எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தக் கேமராவையே எடுத்து எதிர்வீட்டுச் சுவரில் அடித்திருப்பேன். அக்கா பேட்டரியைக் கழற்றிச் சார்ஜரில் போட்டாள். போட்டுவிட்டு அதன் சின்ன விளக்கையும் ஜன்னலையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு நின்றாள். அத்தான் அடுத்த அறையில் போய்ப் படுத்துக்கொண்டு மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டார்.

ஒருவழியாகப் புதுப்பித்து முடிந்தபோது மேஜையில் ஒரு முறம் அளவுக்குத்தான் வெளிச்சம் மிச்சம். அக்கா லென்ஸை மாட்டினாள். ஃபோகஸ் வளையத்தைத் திருகினாள், திரையில் அந்த நைந்த துணி மெல்ல மெல்லத் தெளிந்து வந்தது. ஒவ்வொரு இழையும் தனியாக, பிசிறு தனியாக, யாரோ எப்போதோ போட்ட ஒட்டுத் தையல் தனியாகத் தெரிந்தன. அவள் மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள். நான் ஒரு வெள்ளைத் தாளைச் சாய்த்துப் பிடித்து நிழலில் கொஞ்சம் வெளிச்சம் காட்டினேன். இவ்வளவு கைத்திறமையை வைத்துக்கொண்டு இவள் இத்தனை நாள் செங்கல்லுக்குப் பாராட்டுரை சொல்லிக்கொண்டு இருந்திருக்கிறாளே.

இருட்டுவதற்குள் போதுமான படங்கள் கிடைத்துவிட்டன. அத்தான் எப்போது எழுந்து வந்து கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தார் என்று நான் கவனிக்கவில்லை, கீபோர்டு சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தேன். குழுவில் பதிவே போட்டுவிட்டார், தலைப்பு: 'விடுதலை இயங்குதளத்திலிருந்து கேமரா நிலைப்பொருளைப் புதுப்பித்தேன்: ஒரு வெற்றி அனுபவம்.' அதில் அக்கா இல்லை. தடித்த எழுத்து வரி இல்லை. கேமராவின் எழுத்துரு ஆதரவில் ஒரு சிறு குறையைத் தான் கண்டுபிடித்ததாக மட்டும் ஒரு பத்தி இருந்தது. கீழே நாலைந்து பேர் அதற்குள் கைகூப்பும் படம் போட்டு வணங்கிவிட்டிருந்தார்கள்.

"அத்தான், பண்ணது அக்கா," என்றேன்.

"வழிமுறை என்னுதுதானே," என்றார், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.

திங்கட்கிழமை அக்கா படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அந்த வாரக் கடைசியில் மியூசியத்திலிருந்து போன் வந்தது. மூன்று பேரில் அவளைத்தான் எடுத்திருக்கிறார்கள். ஆனால் வேலை இந்த ஊரில் இல்லை. துணிகள் எல்லாம் இருக்கும் கிடங்கு வேறு ஊரில், ரயிலில் ஒரு பகல் முழுக்கப் போக வேண்டும். அங்கேயே தங்க இடம் தருகிறார்கள். குறைந்தது இரண்டு வருஷம் ஆகும்.

எனக்கு முதலில் சொல்லிவிட்டு, "அவர்கிட்ட சொல்லும்போது நீ கூட இருடி," என்றாள். நான் போனேன். சாப்பாடு எடுத்து வைத்திருந்தாள். அத்தான் கையைக் கழுவிக்கொண்டு வந்து உட்கார்ந்தார். அக்கா நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னாள். வேலை கிடைத்தது, ஊர், கிடங்கு, தங்குமிடம், இரண்டு வருஷம், அடுத்த மாதமே கிளம்ப வேண்டும். சொல்லும்போது அவள் குரல் கொஞ்சம் நடுங்கியது. போகாதே என்று அவர் சொல்லிவிடுவாரோ என்று பயந்தாளா, சொல்ல மாட்டாரோ என்று பயந்தாளா, எனக்குத் தெரியவில்லை. இரண்டுமாகத்தான் இருக்கும். கல்யாணம் ஆகி இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அவர் ஏதாவது ஒன்று சொல்லட்டும் என்று நானே வேண்டிக்கொண்டேன்.

அத்தான் சாதத்தைப் பிசைந்துகொண்டே ஆழமாக யோசித்தார். பிறகு நிமிர்ந்தார்.

"அங்க என்ன இயங்குதளம்?" என்று கேட்டார்.

அக்கா ஒரு கணம் அவரையே பார்த்தாள். குரலில் நடுக்கம் போயிருந்தது.

"தெரியாதுங்க," என்றாள். "ஆனா மனுஷங்க இருக்காங்க."

சொல்லிவிட்டுத் தனக்கும் ஒரு தட்டை எடுத்து வைத்துக்கொண்டு சாப்பிட உட்கார்ந்தாள்.